பால் காய்ச்ச என்ன வேண்டும்

மண்டபத்துச் சொந்தக்காரர் நாச்சிமுத்து ஐயாவின் கார் ரயில்வே கேட்டில் நிற்கிறதாம், டிரைவர் போன் செய்துவிட்டான். ஊத்துக்குளி கேட் மூடினால் சீக்கிரம் திறக்காது, ஒரு கூட்ஸ் போகும், அப்பாடா என்று எல்லோரும் வண்டியைக் கிளப்புவார்கள், எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொன்று வரும். ஆக எனக்குக் கொஞ்சம் நேரம் கிடைத்திருக்கிறது, நான் கேட்காமலேயே. மடியில் லேப்டாப் சுடுகிறது, பிளாஸ்டிக் நாற்காலியின் ஒரு கால் ஜல்லி மேல் நின்று ஆடுகிறது, எதிர்ச்சுவரில் ப்ரொஜெக்டரின் நீல வெளிச்சம் வெறுமனே விழுந்துகொண்டிருக்கிறது. அந்தச் சுவரின் பூச்சு எந்த நாளில் முடியும் என்று நான் போட்டேனோ அந்த நாளில் முடிந்தது. அதை நான் யாரிடமும் பெருமையடித்துக்கொள்ளவில்லை என்று சொன்னால் பொய், எல்லோரிடமும் அடித்துக்கொண்டேன், பால்காரரிடம்கூட. இந்தக் கல்யாண மண்டபத்தின் ஒவ்வொரு வேலைக்கும், அஸ்திவாரம் முதல் கைகழுவும் இடத்துக் கண்ணாடி வரைக்கும், எது முதலில் எது பின்னால் என்று சாஃப்ட்வேரில் கோர்த்தவள் நான், தமயந்தி, சிவில் டிப்ளமோ, ஈரோட்டில் ஞானசேகரன் சாரின் கட்டுமானக் கம்பெனி. திரையில் இரண்டு ஃபைல்கள் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கின்றன, ‘மண்டபம் பழசு’, ‘மண்டபம் புதுசு’. பழசில் எல்லாம் பச்சை. புதுசில் ஒரே ஒரு சிவப்புக் கோடு. இன்று காலை அதைப் பார்த்துவிட்டு ஞானசேகரன் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி மாட்டிப் பார்த்தார், சிவப்பு போகவில்லை. “தமயந்தி, இன்னிக்குப் பழசையே காட்டிருங்க. பெருந்துறை மண்டபத்தையும் நமக்குக் குடுக்கறதா வர்றாரு. இந்த நேரத்துல செவப்பெல்லாம் வேண்டாம், அப்புறமாப் பேசிக்கலாம்,” என்றார். நான் சரிங்க சார் என்றேனா? தலையை ஆட்டினேன். ஆட்டினதை அவர் சரி என்று எடுத்துக்கொண்டார், எப்போதும் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்.

இந்த சாஃப்ட்வேரை வாங்கிய புதிதில் கம்பெனியில் யாருக்கும் அது வேண்டியிருக்கவில்லை. சனிக்கிழமை தோறும் ஆன்லைனில் வகுப்பு, முதல் வாரம் எல்லோரும் வந்தார்கள், இரண்டாம் வாரம் கேமராவை மூடிவிட்டு வந்தார்கள், மூன்றாம் வாரம் பெங்களூர்க்காரர் ஒருவர் இங்கிலீஷில் எனக்கு மட்டும் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். சாப்பாட்டு மேஜையில் ரசப் பாத்திரத்தைத் தள்ளி வைத்துவிட்டு நான் உட்கார்ந்திருப்பேன். இந்த வயசுல எதுக்கு இதெல்லாம் என்றார் வீட்டுக்காரர். எந்த வயசுல படிக்கலாம்னு ஒரு பட்டியல் இருந்தாக் குடுங்க என்றேன், அப்புறம் அவர் அந்தப் பக்கமே வரவில்லை, பாத்திரத்தைக் கழுவி வைத்தார், அதுவே போதும். முதலில் நான் போட்ட திட்டத்தில் தண்ணீர்த் தொட்டி குழாய் வேலைக்காகக் காத்திருந்தது, குழாய் வேலை தண்ணீர்த் தொட்டிக்காகக் காத்திருந்தது, இப்படிச் சுற்றிச் சுற்றி வந்தால் முடியாது என்று சாஃப்ட்வேர் கைவிரித்துவிட்டது. எனக்குச் சிரிப்பு வந்தது, எங்கள் ஆபீஸே இத்தனை வருஷமாக அப்படித்தானே நடக்கிறது. அடுத்தது அதைவிட அழகு. ஞாயிறு லீவு என்று காலண்டரில் போட்டேனா, கான்கிரீட்டும் ஞாயிற்றுக்கிழமை இறுகாமல் லீவு எடுத்துக்கொண்டது. கான்கிரீட்டுக்கு ஏது ஞாயிறு. அதற்கென்று தனிக் காலண்டர் போட வேண்டும் என்பதை நானே தேடித் தேடிக் கண்டுபிடித்தபோது மணி என்ன இருக்கும், தெரியாது, எழுந்து போய் ஒரு தம்ளர் மோர் குடித்தேன், யாரையாவது எழுப்பிச் சொல்ல வேண்டும் போல இருந்தது. பிறகு எதைப் பார்த்தாலும் கோடுகளாகவே தெரிந்தது. இட்லிக்கு ஊறவைப்பது ஒரு கோடு, ஆட்டுவது ஒரு கோடு, புளிக்க வைப்பது ஒரு நீளமான கோடு, அதில் எத்தனை ஆளைப் போட்டாலும் அது குறையாது. எந்த வேலை ஒரு நாள் தள்ளினால் கடைசி நாளும் தள்ளிப் போகுமோ அந்த வேலையைச் சிவப்பில் காட்டும், மற்றதெல்லாம் கொஞ்சம் அசைந்து கொடுக்கும். சிவப்பு எது, அசைவது எது என்று தெரிந்துவிட்டால் பாதி சண்டை தீர்ந்தது. சைட்டைப் பார்த்துக்கொள்ளும் மோகனரங்கன் முதலில் கேலி பண்ணினார், “மேடம் கம்ப்யூட்டர்லயே கட்டிருவாங்க, நமக்கு சிமெண்டு மிச்சம்,” என்று மேஸ்திரிகள் எதிரிலேயே. ஆடி மாதத்தில் ஒரு மத்தியானம் அவரே போன் செய்தார். மேடம், சீலிங்காரனை எப்ப வரச் சொல்லட்டும்? நான் திரையைப் பார்த்து நாளைச் சொன்னேன். சரிங்க மேடம் என்று வைத்துவிட்டார். அந்தச் சரிங்க மேடத்தை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

அதற்கு முன்னால் நான் என்னவாக இருந்தேன். கோஆர்டினேட்டர். அதற்கு அர்த்தம் எல்லோருக்கும் போன் போடுகிறவள். டைல்ஸ் வரவில்லையா, நான். கரண்ட்காரரும் பூச்சுக்காரரும் ஒரே சுவருக்கு ஒரே நாளில் வந்து நின்று சண்டையா, நான். சத்தமில்லாமல் பேசி, சத்தமில்லாமல் மாற்றி, காலையில் ஞானசேகரன் சார் வரும்போது எல்லாம் சரியாக இருக்கும், அவர் பாட்டுக்கு வந்து, பாத்தீங்களா, தானா நடக்குது என்பார். தானாக. ஒவ்வொரு கட்டடமும் முடிந்து பால் காய்ச்சும் நாளில் ஐயர் மந்திரம் முடித்ததும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள், இன்ஜினியர் வாங்க, மேஸ்திரி வாங்க, ஆசாரி வாங்க. தாம்பாளத்தில் வேட்டி, துண்டு, வெற்றிலை, பழம். ஞானசேகரன் சார் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு போட்டோவுக்கு நிற்பார். அந்த நேரத்தில் நான் எங்கே இருப்பேன், பெண்கள் வரிசையில், கையில் ஒரு தாம்பூலப் பை, அதில் ஒரு ரவிக்கைத் துணி, விருந்துக்கு வந்த மாமிகளுக்கும் அதேதான். என் பீரோவில் ஒரு தட்டு முழுக்க ரவிக்கைத் துணி. ஒன்றைக்கூட நான் தைத்ததில்லை. எனக்கு வருத்தமெல்லாம் இல்லை, கோபம்தான். வருத்தப்படுகிறவர்கள் அதைத் தைத்துப் போட்டுக்கொண்டிருப்பார்கள்.

கேட் திறந்திருக்குமா. ஞானசேகரன் சார் வாசல் பக்கம் போனில் பேசிக்கொண்டே நடக்கிறார், வாசல் என்று சொல்லக்கூடாது, வாசக்கால் இன்னும் வைக்கவில்லை, அடுத்த புதன்கிழமை. அந்த வெற்று இடத்தின் வழியாக வெயில் நேராக உள்ளே வந்து விழுகிறது. எங்கே தவறினோம், அதுதான் எனக்கு ஆறவில்லை. வேலை மார்கழி பாதியில் முடிந்துவிடும், தையில் முதல் முகூர்த்தத்துக்கு வெளியார் வீட்டுக் கல்யாணம் ஒன்றை இங்கே பேசியாகிவிட்டது, நடுவில் பாதி மாதம் கையிருப்பு, இதை வைத்துக்கொண்டு போன கூட்டத்தில் நாங்கள் ஆளுக்கு இரண்டு மைசூர்பாகு சாப்பிட்டோம். பால் காய்ச்சுவதை ஒரு வேலையாக யாரும் போடவில்லை. அது வேலையா, அது பூஜை, அது தானாக நடக்கும். இன்று காலை ஒழுங்குக்காக, வெறும் ஒழுங்குக்காக, அதையும் ஒரு வரியாகச் சேர்த்தேன். எல்லா வேலையும் முடிந்த பிறகு பால் காய்ச்சுதல், அதற்குப் பிறகு கல்யாணம், மண்டபத்தில் முதலில் சொந்தக்காரரின் அடுப்பு எரிய வேண்டும், பால் காய்ச்சாத இடத்தில் நாச்சிமுத்து ஐயா வெளியாளுக்குச் சாவி கொடுப்பாரா. முகூர்த்த நாட்களை மட்டும் விட்டு மற்ற நாட்களை அடைத்த காலண்டரை அந்த வரிக்குக் கொடுத்தேன். கோடு மார்கழி முழுவதையும் தாண்டிக் குதித்தது. மார்கழியில் யார் பால் காய்ச்சுவார்கள். குதித்துத் தையில் போய் விழுந்தது, முதல் முகூர்த்தத்தில், அதாவது கல்யாண நாளிலேயே, அதுதான் அந்தச் சிவப்பு. முந்தின நாள் சாயங்காலமே பெண் வீட்டார் வந்து இறங்குவார்களே. சமையல்காரர் அன்று மத்தியானமே அடுப்பு மூட்டியாக வேண்டுமே. நாங்கள் எல்லோரும் விவரம் தெரிந்த நாள் முதலாக மார்கழியில் கோலம் போட்டுத் திருப்பாவை கேட்டு வளர்ந்தவர்கள், வாடகை வீடு மாறுவதற்குக்கூட மார்கழி முடியட்டும் என்று நிற்பவர்கள், எங்களில் ஒருத்தருக்கும் இது தோன்றவில்லை. பெங்களூர்க்காரருக்குத் தோன்றாதது நியாயம், எனக்கு ஏன் தோன்றவில்லை. நாட்காட்டியில் அதைக் கையிருப்பு என்று எண்ணினேனே.

அந்தப் பெண் போன வாரம் இங்கே வந்திருந்தாள். கல்யாணப் பெண்ணும் அவள் அம்மாவும். அம்மா சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சாரக் கம்புகளுக்கு நடுவில் நடந்து வந்து, “மணவறை எந்தத் திசை பாத்துங்க வரும்?” என்று கேட்டாள். கிழக்குங்க என்றேன். பெண் பூசாத சுவர் முன்னால் நின்று யாருக்கோ வீடியோ கால் போட்டு, “இங்கதான் மாலை மாத்தறோம், பாத்துக்கோ,” என்றாள், அந்தப் பக்கம் ஒரு ஆண் குரல் வெட்கப்பட்டுச் சிரித்தது. பத்திரிகை அடிக்கக் கொடுக்கப் போகிறார்கள், அதில் இந்த மண்டபத்தின் பெயர் இருக்கும். பழைய ஃபைலைக் காட்டினால் அவர்கள் அடித்துவிடுவார்கள். அப்புறமாகப் பேசிக்கலாம் என்றால் எப்போது, மார்கழி பிறந்த பிறகா, அப்போது தையில் வேறு மண்டபம் யாருக்குக் கிடைக்கும். புதுசைக் காட்டினால் பெருந்துறை வேலை போகும், போனால் ஞானசேகரன் சார் கத்த மாட்டார், அவர் கத்துகிற ஆளில்லை. திங்கட்கிழமை என் மேஜையைப் பில் பகுதிக்கு மாற்றியிருப்பார்கள், சாஃப்ட்வேர் வேறு யாருடைய லேப்டாப்புக்கோ போயிருக்கும், பாஸ்வேர்டு மாற்றியாகிவிட்டது என்று யாராவது தலையைச் சொறிந்துகொண்டு சொல்வார்கள். பழசு, புதுசு. பழசு மேல் மவுஸ் அம்பைக் கொண்டுபோகிறேன், எடுக்கிறேன். பயப்படுகிறேனா, பயம்தான், விரல் நுனி ஜில்லென்று இருக்கிறது, லேப்டாப் இவ்வளவு சுட்டும். பில் பகுதிக்குப் போனால் என்ன, அங்கேயும் மின்விசிறி இருக்கிறது. ஆனால் கோடுகள் இல்லாமல் இனி எனக்கு முடியாது. ஒரு வேலை இன்னொரு வேலையைக் கைபிடித்து இழுத்துக்கொண்டு போவதைப் பார்த்துவிட்டேன், இனிமேல் பார்க்காதது மாதிரி எப்படி இருப்பது.

பால் பொங்குகிற வாசனை. எங்கே. மாடிப்படிக்கு அடியில் சித்தாள் ராமாயி மூன்று செங்கல்லை வைத்து ஆட்களுக்கு டீ போடுகிறாள், வழக்கமான நேரம், வழக்கமான பாத்திரம், பொங்கி வழிந்து நெருப்பில் விழுந்து சுர்ரென்கிறது, அடச்சீ என்று துணியால் பிடித்து இறக்குகிறாள். பால் காய்ச்சியாகிவிட்டது. கதவு இல்லை, தரை இல்லை, சீலிங் இல்லை, பெயிண்ட் இல்லை, பால் பொங்கிவிட்டது. பால் காய்ச்ச என்ன வேண்டும்? இரு. பால் காய்ச்ச என்ன வேண்டும்? எங்கள் வீட்டுக்கு ஆனி மாதக் கடைசியில் பால் காய்ச்சினோம், ஆடி வந்துவிடும் என்று. ஜன்னலுக்குக் கண்ணாடி இல்லை, போர்வையைக் கட்டி மறைத்தோம், தரை வெறும் சிமெண்டு, வந்தவர்கள் எல்லோரும் பாதத்தைத் தட்டித் தட்டிச் சாப்பிட உட்கார்ந்தார்கள். ஊரில் பாதிப் பேர் அப்படித்தான். மேலே ஒரு கூரை, ஒரு வாசக்கால், ஒரு அடுப்பு மேடை. அவ்வளவுதான். எல்லா வேலையும் முடிந்த பிறகு என்று அந்த வரியைக் கோர்த்தது யார், சாஃப்ட்வேரா, நானில்லையா. கடைசியாகத் திறப்பு விழா என்று பாடத்தில் இருந்த மாதிரியே போட்டேன். ஒரு வேலையை இன்னொன்றோடு கோர்க்கும் அந்தக் கொக்கியைக் கழற்றி மூன்று வேலைக்கு மட்டும் மாட்டினால்? கூரை ஆயிற்று. வாசக்கால் புதன்கிழமை. சமையல்கட்டு மேடை மார்கழியில் இருக்கிறது, அதை முன்னால் இழுக்கலாம், கிரானைட் வந்து வெளியே கிடக்கிறது, ஆட்கள்தான் வேண்டும், சீலிங்குக்குப் பதினைந்து நாள் அசைய இடமிருக்கிறது, அங்கிருந்து உதவி ஆட்களை எடுக்கலாம். கார்த்திகையில் கடைசி முகூர்த்தத்துக்குப் பால் காய்ச்சிவிட்டு, மார்கழியில் மிச்ச வேலையைச் செய்யலாம், மார்கழி வேலைக்கு ஆகாதா என்ன. நானே செய்து பார்த்தது, என் கையால் பொங்க விட்டது.

இப்போதே மாற்றிவிடலாம். கார் வருவதற்குள் மாற்றி, பால் காய்ச்சும் கோட்டைப் பச்சையாக்கிக் காட்டிவிடலாம், ஞானசேகரன் சாருக்கும் சந்தோஷம், கல்யாணமும் நடக்கும், ஓட்டை இருந்ததே யாருக்கும் தெரியாது. கை போய்விட்டது, மவுஸ் மேல் விரல் வைத்துவிட்டேன். நிறுத்திவிட்டேன். யாருக்கும் தெரியாது. இத்தனை வருஷமும் அதைத்தானே செய்தேன், தானா நடக்குது என்பார்கள். மாட்டேன். சிவப்பை முதலில் காட்டுவேன், எல்லோரும் பார்க்கட்டும், பிறகு எல்லோர் கண் முன்னாலும் கொக்கியைக் கழற்றுவேன். இது திமிர்தான். இருக்கட்டும். படித்துச் சம்பாதித்த திமிர்.

வாசலில் புழுதி கிளம்பியது, கார். நாச்சிமுத்து ஐயா செருப்பை வாசக்கால் வரப்போகிற இடத்துக்கு வெளியிலேயே கழற்றிவிட்டு வந்தார், ஜல்லியில் வெறுங்காலோடு. ஞானசேகரன் சார் என்னைப் பார்த்துக் கண்ணால் பழசு என்றார். நான் புதுசைத் திறந்தேன். சுவர் முழுக்கக் கோடுகள், வலதுகோடியில் அந்தச் சிவப்பு. ஞானசேகரன் சாரின் கை கண்ணாடிக்குப் போனது, கழற்றவில்லை.

“என்னங்க அது செவப்பா?” என்றார் நாச்சிமுத்து ஐயா. “மார்கழியில முடிஞ்சுரும்னீங்களே.”

“வேலை முடிஞ்சுருமுங்க ஐயா. பால் எப்பக் காய்ச்சறதுங்க?”

அவர் விரல் கணுக்களில் கட்டை விரலை ஓட்டினார். “கார்த்திகை, மார்கழி…” நின்றார். “மார்கழியில ஆகாதே.”

“ஆகாதுங்க.”

“தையில மொத முகூர்த்தத்தைத்தான் கல்யாணத்துக்குக் குடுத்துட்டமே,” என்றார் ஐயா. மோகனரங்கன் தலையில் கை வைத்துக்கொண்டார். ராமாயி டீ கொண்டு வந்தாள், யாரும் எடுக்கவில்லை, நான் எடுத்தேன்.

“ஐயா, உங்க ஊட்டுக்குப் பால் காய்ச்சினப்ப வேலையெல்லாம் முடிஞ்சிருந்துதுங்களா?”

அவர் யோசித்தார். மெல்ல முகம் விரிந்தது. “எங்கீங்க. மாடியே போடலை. தார்ப்பாய்க்குக் கீழதான் பந்தி.”

நான் கொக்கியைக் கழற்றினேன். கூரை, வாசக்கால், சமையல் மேடை. மூன்றையும் மாட்டினேன், மார்கழியில் கிடந்த மேடையை முன்னால் இழுத்தேன். கோடு தையிலிருந்து கிளம்பி, மார்கழியைத் தாண்டிப் பின்னால் வந்து, கார்த்திகைக் கடைசி முகூர்த்தத்தில் உட்கார்ந்தது. கல்யாணம் அதன் இடத்தில் அசையாமல் இருந்தது.

“இப்பச் சமையல்கட்டு செவப்பா இருக்குதுங்களே?” என்றார் நாச்சிமுத்து ஐயா.

“இருக்கணுமுங்க. அங்க ஒரு நாள் அசந்தா எல்லாம் போயிருமுங்க. கிரானைட் ஆளு நாளைக்கே வேணும்.” மோகனரங்கனைப் பார்த்தேன். “வரச் சொல்லிர்றனுங்க மேடம்,” என்றார், போனை எடுத்துக்கொண்டு.

நாச்சிமுத்து ஐயா சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். “இதைக் கண்டுபிடிச்சது ஆருங்க?”

ஞானசேகரன் சார் போனைச் சட்டைப் பையில் போட்டார். “தமயந்திதானுங்க,” என்றார். “எல்லாமே அவங்கதானுங்க.” சொன்ன பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்த நிமிஷத்தில் எனக்கு அவரைப் பிடித்தது, அதையும் சொல்ல வேண்டும்.

“அப்பப் பால் காய்ச்சறன்னிக்கு மொத மரியாதை அம்மிணிக்குத்தான். பெருந்துறையையும் அம்மிணியே பாத்துக்கட்டும். நல்ல பட்டுச் சேலையா எடுத்துருவோம். என்ன கலர் புடிக்குமுங்க?”

“சேலை வேண்டாமுங்க ஐயா,” என்றேன். “இன்ஜினியருக்கு வெக்கற வேட்டி துண்டையே வெச்சிருங்க.”

மோகனரங்கன் சிரிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். “வேட்டியை வெச்சுட்டு அம்மிணி என்ன பண்ணுவீங்க?” என்றார் நாச்சிமுத்து ஐயா.

“தட்டுல இருந்து என்ர கையில வாங்கோணுமுங்க. வாங்கினதுக்கப்புறம் வீட்டுக்காரர் கட்டிக்கட்டும்.”

அவர் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். “சரீங்க,” என்றார். “அதையும் இதுல போட்டு வெச்சுருங்க, மறந்துருவோம்.”

பால் காய்ச்சும் வரிக்குக் கீழே புது வரி ஒன்று திறந்தேன். இன்ஜினியர் மரியாதை, வேட்டி துண்டு. பொறுப்பு என்ற கட்டத்தில் என் பெயரை டைப் செய்தேன். எத்தனை நாள் வேலை என்று கேட்டது. நாள் பிடிக்காத, நடந்தால் நடந்துவிட்ட காரியத்துக்குப் பூஜ்யம் போட வேண்டும் என்று பெங்களூர்க்காரர் சொல்லிக்கொடுத்திருந்தார், அப்படிப் போட்டால் கோடு வராது, சாய்சதுரமாக ஒரு வைரம் வரும். பூஜ்யம் போட்டேன். கார்த்திகைக் கடைசி முகூர்த்தத்துக்கு நேராக, நான் நாள் போட்டுப் பூசவைத்த அந்தச் சுவரில், கறுப்பாக ஒரு சின்ன வைரம் வந்து நின்றது.